நெடுந்தீவுக்கு ஓர் அமானிதம்



சுற்றுலா என்றால் கண்டி, நுவரெலியா, காலி என்று போய் வருவதே நம் குடும்பங்களின் வழக்கம். 2018 பெப்ரவரியில் நாங்கள் வேறு திசையில் புறப்பட்டோம். கொழும்பிலிருந்து இரவுப் புகையிரதத்தில் யாழ்ப்பாணம். அங்கிருந்து ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு. ஐந்து குடும்பங்கள், சிறுவர்களையும் சேர்த்து 22 பேர். எல்லோரும் நான் வாரந்தோறும் நடத்தும் பெண்கள் வகுப்புக்கு வருபவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும்தான்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, வகுப்புக்கு வரும் ஒரு சகோதரி தன் தாயாரை அழைத்து வந்தார். வயது 71. நாங்கள் எல்லோரும் ‘மாமி’ என்றே அழைத்தோம்.

“மௌலவி, நீங்கள் நெடுந்தீவுக்குப் போறியளாம். என்னையும் கூட்டிப் போங்கோ. எனக்கு அங்கே ஒரு கடன் இருக்கு” என்றார்.

பேரன் துணைக்கு வருவதாகச் சொன்னான். சேர்த்துக்கொண்டோம். அந்தக் கடனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வழியில் கண்டவற்றையும் சொல்கிறேன்.

இரவுப் புகையிரதம்

மஃரிபையும் இஷாவையும் கொழும்பிலேயே முழுமையாகத் தொழுதுவிட்டு கோட்டை நிலையத்துக்குச் சென்றோம். பயணம் போகிறோம் என்ற எண்ணம் வந்தவுடனேயே வீட்டில் இருந்தபடி கஸ்ர் செய்பவர்கள் உண்டு. நம் ஷாபிஈ மத்ஹபின்படி, ஊர் எல்லையைத் தாண்டிய பிறகே அந்தச் சலுகை தொடங்குகிறது. சென்ற இடத்தில், போய்ச் சேரும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு நாட்களுக்குக் குறைவாகத் தங்கும் எண்ணம் இருந்தால் அங்கும் கஸ்ர் செய்யலாம். லுஹர், அஸர், இஷா ஆகியவை இரண்டாகச் சுருங்கும். மஃரிப் மூன்றாகவே இருக்கும்.

பெட்டிகளை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். ஆளுக்கொரு முதுகுப்பை. தீவுப் பயணத்தில் படகில் ஏறவும் இறங்கவும் இரண்டு கைகளும் வேண்டும். கைக்குழந்தை இருந்தால் சொல்லவே வேண்டாம். மாமியிடம் மட்டும் ஒரு கைப்பை. அதை மடியிலிருந்து அவர் இறக்கவே இல்லை.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். இந்தப் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது 1905-ல். ‘யாழ்தேவி’ ஓடத் தொடங்கியது 1956-ல். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணச் சேவை நின்றது. தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன, நிலையங்கள் இடிந்தன. போர் முடிந்த பின் இந்திய நிறுவனமான இர்கான் பாதையை மீண்டும் அமைத்தது. 2014 ஒக்டோபர் 13 அன்று, 24 ஆண்டுகளுக்குப் பின், யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் திரும்பியது.

பொல்காவலை, குருநாகல், மாகோ என்று நிலையங்கள் பின்னால் போயின. சிறுவர்கள் தூக்கம் வராமல் கதை கேட்டார்கள். இப்னு பதூதாவைப் பற்றிச் சொன்னேன். 1344-ல் அவர் இலங்கைக் கரையில் புத்தளத்தில் இறங்கினார். அப்போது அங்கே இருந்தவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. முன்பின் அறியாத முஸ்லிம் பயணியை அந்த அரசர் உபசரித்தார். பாவா ஆதம் மலைக்குப் போக ஆசைப்படுவதாக விருந்தாளி சொன்னபோது, பல்லக்கும் வழித்துணைக்கு ஆட்களும் கொடுத்து அனுப்பினார். அதன் பிறகுதான் அவர் சீனம் வரை சென்றார்.

“அந்தப் புத்தளத்துக்குத்தான் எங்களையும் கொண்டுபோய் விட்டது விதி” என்றார் மாமி. பிறகு கைப்பையைத் திறந்து, பழுப்பேறிய ஒரு சிறிய கொப்பியை எடுத்துக் காட்டினார்.

அளவுக் கொப்பி

மாமியின் கணவர் யாழ்ப்பாணம் சோனகதெருவில் தையற்காரர். தீவுப் பகுதிப் பெண்கள் கல்யாணத் தையலுக்குப் பட்டணம் வருவார்கள். 1990 மே மாதம், நெடுந்தீவிலிருந்து ஒரு டீச்சர் தன் கல்யாணத்துக்காக மூன்று சாறிச் சட்டைத் துணிகளைக் கொடுத்து, 100 ரூபா முற்பணமும் தந்துவிட்டுப் போனார். ஜூனில் போர் மூண்டது. அவர் திரும்பி வரவில்லை. வந்தால் அளவை ஒரு முறை சரிபார்த்து வெட்டலாம் என்று துணி அலமாரியிலேயே காத்திருந்தது.

1990 ஒக்டோபர் 30. அன்று விடுதலைப் புலிகள் இயக்கம் யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு ஒலிபெருக்கியில் அழைத்து, இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டு வெளியேறப் பணித்தது. அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலிருந்தும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000-க்கும் மேற்பட்டோர். பணமும் நகையும் பறிக்கப்பட்டன. பெரும்பாலோர் புத்தளத்தின் அகதிக் கொட்டில்களை வந்தடைந்தனர்.

“இவர் சட்டைப் பையிலே இந்தக் கொப்பி மட்டும் இருந்தது. அதாலே யாரும் பறிக்கேல்லை. புத்தளத்திலே பல வருஷம், ‘அலமாரியிலே மூன்று துணி, நெடுந்தீவு டீச்சருடையது’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார். மௌத்தாகும்போதும் அதைத்தான் சொன்னார்.”

கொப்பியில் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். தோள், கை, நீளம் என்று நீல மையில் அளவுகள். கீழே, ‘நெ.தீவு மேற்கு, டீச்சர், துணி 3, முன் 100.’ அவ்வளவுதான்.

மார்க்கச் சட்டம் என்ன சொல்கிறது என்று மாமி கேட்டார். சொன்னேன்: துணி அமானிதம். வைத்திருந்தவரின் கவனக்குறைவு இல்லாமல் அது கைவிட்டுப் போனால் அவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. உங்களைப் பலவந்தமாக வெளியேற்றியபோது போன பொருளுக்கு நீங்கள் பொறுப்பாளி அல்ல. முற்பணம் அப்படியல்ல. தைக்காத தையலுக்கு வாங்கிய பணம் கடன். அது அவருடைய சொத்திலிருந்து தீர்க்கப்பட வேண்டும். 100 வாங்கினால் 100 தான் கடன்.

“கிதாபு சொல்றது சரி, மகன். எனக்குத் தூக்கம் வரவேணுமே” என்றார். கைப்பைக்குள் மூன்று புதிய பட்டுத் துணிகள் இருந்தன. உறை ஒன்றில் 5,000 ரூபாவும் இருந்தது.

ஆனையிறவைக் கடக்கும்போது வெளியே இருட்டு. இரண்டு பக்கமும் நீர் இருப்பது காற்றின் உப்பு மணத்தில் தெரிந்தது. மாமி யன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சுபஹ் வேளையில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தோம்.

முதல் நாள்: சோனகதெருவும் ஊர்காவற்றுறையும்

சுபஹ் தொழுகையைச் சோனகதெருவில் தொழுதோம். விடிந்த பிறகு தெருக்களைச் சுற்றினோம். திரும்பி வந்தோர் சிறு பகுதியினரே. ஓரிடத்தில் புதிய வீடு, அடுத்த வளவில் கூரையில்லாச் சுவர், அதற்குள் முளைத்த மரம். தையற்கடை இருந்த இடத்தை மாமியால் உடனே அடையாளம் காண முடியவில்லை. கிணற்றை வைத்துக் கண்டுபிடித்தார். பற்றைக்குள் கட்டு மட்டும் தெரிந்தது. அவர் அழவில்லை. பேரனிடம், “அலமாரி இந்தப் பக்கம்” என்று கையால் காட்டினார்.

பிற்பகல் பண்ணைப் பாலம் வழியாக வேலணைத் தீவுக்குள் நுழைந்தோம். கடலுக்குள் நீண்டு செல்லும் தாம்போதியில் பஸ் ஓடும்போது இருபுறமும் ஆழமில்லாத நீர். மீன் பிடிக்க நட்ட தடிகள். மண்கும்பான் பகுதியில் கடற்கரையோரப் பள்ளிவாசலில் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதோம்.

இந்தத் தீவின் வடமேற்கு முனைதான் ஊர்காவற்றுறை. ஒல்லாந்தர் தீவுகளுக்கெல்லாம் தம் நாட்டு ஊர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணை லெய்டன், நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பர்க், காரைநகர் ஆம்ஸ்டர்டாம். நெடுந்தீவுக்கு இட்ட டெல்ப்ட் என்ற பெயர் மட்டும் இன்றும் புழக்கத்தில் நிலைத்திருக்கிறது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலில் ஒரு சிறு கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியது, 1658-ல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டார்கள். பிற்காலத்தில் அது சிறையானது. 1971 கிளர்ச்சியின் தலைவர் ரோகண விஜேவீரவும் அங்கே அடைக்கப்பட்டிருந்தார்.

வழியெங்கும் பூட்டிய வீடுகள், இடிந்த வீடுகள், நடுவே பனைகள். இங்கு வாழ்ந்த தமிழ் மக்களில் பெரும்பகுதியினர் போரில் இடம்பெயர்ந்து, பின்னர் கனடா, பிரான்ஸ், இங்கிலாந்து என்று சிதறிப் போனார்கள். யன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்த மாமி, “இவங்கட வீடும் எங்கட வீடு மாதிரித்தான் கிடக்கு” என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

இரண்டாம் நாள்: நயினாதீவு

வேலணையிலிருந்து இன்னொரு தாம்போதி புங்குடுதீவுக்கு. அதன் கோடியில் குறிகட்டுவான் இறங்குதுறை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் இங்கிருந்துதான் புறப்படுகின்றன. நயினாதீவு கால் மணி நேரப் பயணம். சின்னஞ்சிறு தீவு. நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. மணி ஆசனம் ஒன்றுக்காகச் சண்டையிட்ட இரு நாக அரசர்களைப் புத்தர் இங்கு வந்து சமாதானம் செய்தார் என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. படகில் தமிழும் சிங்களமும் கலந்து கேட்டன.

நாங்கள் வீதியில் நின்றபடி பார்த்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எங்கள் தொப்பியையும் பர்தாவையும் கண்டு தாமாகவே வந்து பேசினார். அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டைப் பற்றி அவர் விளக்கினார். அது 12-ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னன் வெட்டுவித்தது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதை வாசித்து வெளியிட்டார். சிங்கள மன்னன் தமிழில் எழுதிவைத்த ஆணை அது. எழுதியதும் அயலூர் வணிகர்களுக்காக!

அதன் கருத்து இதுதான்: ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசி வணிகர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் கால் பங்கே அரசுக்கு. முக்கால் பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி.

சகோதரிகளே! கப்பல் உடைந்து கரையில் ஒதுங்கிய பொருளைக் கண்டவன் எடுத்துக்கொள்வதே அக்காலத்தில் பல நாடுகளில் நடந்தது. இங்கோ, அலை கொண்டுவந்து போட்டாலும் பொருள் உடையவனுக்கு என்று கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். இதை ஆசிரியர் சொல்லி முடித்தபோது மாமி தன் கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

எனக்கு நம் பெருமானார் (ஸல்) அவர்களின் ஹிஜ்ரத் நினைவுக்கு வந்தது. மக்காவாசிகள் அவர்களைக் கொல்லத் திட்டமிட்ட இரவு அது. அதே மக்காவாசிகள் தம் பொருட்களை அவர்களிடமே நம்பி ஒப்படைத்திருந்தார்கள். நாட்டை விட்டுப் புறப்படும் அந்த நேரத்திலும், உரியவர்களிடம் அவற்றைத் திருப்பிக் கொடுக்க அலி (ரலி) அவர்களைப் பின்னால் நிறுத்திவிட்டுச் சென்றார்கள். விரட்டப்படுகிறவன் மீதும் அமானிதம் கடமையாகவே இருக்கிறது. சோனகதெருத் தையற்காரருக்குப் பின்னால் நிறுத்திச் செல்ல ஆளில்லை. கொப்பி ஒன்றுதான் இருந்தது.

மூன்றாம் நாள்: நெடுந்தீவு

நெடுந்தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பெப்ரவரியில் கடல் ஓரளவு அமைதி. சோளகக் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை படகு ஆட்டம் கடுமையாக இருக்கும். தலைசுற்றுபவர்கள் தேசிக்காய் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குடிநீரைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். தீவில் நன்னீர் அரிது. வுழூவுக்கும் அளவோடு ஊற்ற வேண்டும் என்று நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

இந்தக் கடலுக்கும் ஒரு துயரம் உண்டு. 1985 மே 15 அன்று, நெடுந்தீவிலிருந்து ‘குமுதினி’ படகில் சென்ற தமிழ்ப் பொதுமக்கள் குறைந்தது 23 பேர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டனர். கடற்படையினரே அதைச் செய்தார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். படகில் அருகில் இருந்த ஒரு மூதாட்டி இதைச் சொன்னபோது மாமி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

தீவின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர். வீட்டுக்கு வீடு வேலியாக முருகைக் கற்களை, சுண்ணாம்பு எதுவும் இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். வெளிகளில் குதிரைகள் தம் போக்கில் மேய்கின்றன. ஐரோப்பியர் இங்கு குதிரை வளர்த்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரியும் அதை நடத்தினார். அவர்கள் போனார்கள், குதிரைகள் தங்கிவிட்டன. கோடை முற்றினால் அவை நீரின்றித் தவிக்கும்.

பெருக்கமரம் ஒன்றைப் பார்த்தோம். அடிமரத்தின் பொந்துக்குள் பிள்ளைகள் புகுந்து நின்றார்கள். ஆப்பிரிக்க மரமான இதை அரபு வணிகர்கள் கொண்டுவந்தார்கள் என்பது செவிவழிச் செய்தி. இதன் ‘பாவோபாப்’ என்ற பெயர், ‘விதைகள் பல உடையது’ என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பர் சொல்லாய்வாளர்.

பிறகு எல்லோரும் கோட்டை இடிபாடுகளைப் பார்க்கச் சென்றார்கள். மாமியும் பேரனும் நானும் ஓர் ஆட்டோவில் தீவின் மேற்குப் பக்கம் போனோம். ‘90-ல் கல்யாணம் பேசியிருந்த டீச்சர்’ என்று மூன்று வீடுகளில் விசாரித்தோம். நான்காவது வீட்டில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் வெளியே வந்தார். கொப்பியில் இருந்ததைச் சொன்னதும், “அது என்ரை அக்கா” என்றார்.

அக்கா காலமாகிப் பத்து வருடம். ஒரே மகள் வெளிநாட்டில்.

மாமி திண்ணையில் உட்கார்ந்தார். “தம்பி, உங்கட அக்கா எங்களிடம் தந்த துணி போய்விட்டது. நாங்கள் எடுக்கேல்லை. 100 ரூபா முற்பணமும் எங்களிடம் நின்றுவிட்டது. இதை வாங்கிக்கொள்ளுங்கோ” என்று துணியையும் உறையையும் நீட்டினார்.

அவர் வேண்டாம் என்றார். “அக்கா, அதெல்லாம் எப்பவோ போன கணக்கு.”

“உங்களுக்குப் போனது. எனக்குப் போகேல்லை.”

கடன் கொடுத்தவர் இறந்துவிட்டால் அது அவருடைய வாரிசுகளுக்கு உரியது என்று நான் விளக்கினேன். அவர் கைபேசியில் மருமகளை அழைத்தார். படத்தோடு பேசும் அழைப்பு. அந்தப் பெண் முதலில் ஒன்றும் புரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பணத்தை மாமாவிடம் கொடுக்கச் சொன்னார். பிறகு தயங்கி, “அம்மாவின் அளவா? அதைக் காட்டுவீர்களா?” என்று கேட்டார். பேரன் அந்தப் பக்கத்தைக் கைபேசியின் முன்னால் பிடித்தான்.

வெகுநேரம் பேச்சு வரவில்லை. பிறகு அந்தப் பெண், “என்ரை தோளளவும் இதுதான்” என்றார்.

மாமி கொப்பியை வாங்கி, அந்தப் பக்கத்தின் மீது விரலால் ஒருமுறை தடவினார். அது அவருடைய கணவரின் கையெழுத்து. பின்னர் மெல்லக் கிழித்து, துணிகளின் மேல் வைத்துக் கொடுத்தார்.

பணத்தை எண்ணி முடித்த அந்த மனிதர், “தீர்ந்தது, அக்கா” என்றார். உடனே எழுந்திருக்கவில்லை. “அன்றைக்கு நானும் பட்டணத்தில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். நீங்கள் எல்லோரும் வரிசையாகப் போறதைப் பார்த்தேன். ஒரு சொல் கேட்கேல்லை. பயம். அந்தக் கணக்கை நாங்கள் எப்படித் தீர்க்கிறது?”

மாமி முந்தானையைச் சரிசெய்துகொண்டார். “அதை ஆண்டவன் எழுதட்டும், தம்பி. இப்ப எனக்கு ஒரு தேத்தண்ணீர் தாங்கோ. படகு போயிடும்.”

குடிநீர் அரிதான அந்தத் தீவில் எங்கள் மூவருக்கும் மூன்று பெரிய குவளைகள் வந்தன.

அன்றிரவே திரும்புகிற புகையிரதத்தில் ஏறினோம். மாமி இடத்தில் அமர்ந்ததும் கைப்பையைத் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டார். வவுனியா வருமுன்பே நன்றாக உறங்கிப்போனார்.

அன்புச் சகோதரிகளே! நீங்களும் குடும்பத்தோடு இந்தத் தீவுகளுக்குப் போய் வாருங்கள். வண்டி, படகு நேரங்கள் மாறும், புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். பக்கத்து வீட்டாரின் பாத்திரம், சீட்டுக்காசின் மிச்சம், யாரோ தைக்கத் தந்த துணி, இரவல் வாங்கிய நகை, பிள்ளைகள் வாங்கிய புத்தகம் என்று ஏதாவது இருக்கும். அதைக் கொடுத்தவர் நம் மார்க்கத்தவரா, மாற்று மார்க்கத்தவரா, நம்மோடு நல்ல முறையில் பிரிந்தவரா என்பதெல்லாம் கணக்கில் இல்லை. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹ் தன் திருமறையில் (4:58) கட்டளையிடுகிறான். நெடுந்தீவு உங்களுக்கு அடுத்த தெருவிலேயே இருக்கலாம்.

நம் கைகளில் தங்கிவிட்ட பிறர் பொருளை, நம் மூச்சு நிற்குமுன் உரியவரிடம் சேர்க்கும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.